தூண்டிலும் பொன்னும்



இந்தத் தொடரிலே எனக்கு முன் பேசியவர்கள் நாவலைப் பற்றியும் கூத்தைப் பற்றியும் நாட்டார் பாடலைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று மீன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழ் வாத்தியார் ஒருவருக்கு இது என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் பழைய புலவர்களுக்கு மீனைப் பற்றித் தெரிந்திருந்த அளவுக்கு எங்களுக்குத் தெரியாமற் போனதுதான் உண்மையில் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் ஆலங்குடி வங்கனார். வயலோரத்து மாமரத்திலே பழுத்த பழம் தானாகக் கழன்று குளத்திலே விழுகிறது. விழுந்த பழத்தை வாளைமீன் கவ்விக்கொள்கிறது. மருதத்திணையின் வளத்தைச் சொல்கிற காட்சி என்று நாங்கள் வகுப்பிலே சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். ஆனால் வாளை பழம் தின்று வாழ்கிற மீன் அல்ல. அது பிற மீனைத் தின்னும் மீன். அகன்ற வாயும் நிரை நிரையான சிறு பற்களும் கொண்டது. அப்படியானால் மாம்பழத்தை ஏன் கவ்வியது? நீரிலே 'பொத்' என்று ஏதோ விழுந்தது, அசைந்தது, கவ்வியது. அவ்வளவுதான். அது பழமா தவளையா என்று விசாரிக்க வாளைக்கு நேரமில்லை. விசாரித்துக்கொண்டு நின்றால் பக்கத்திலே நிற்கிற வாளை கொண்டுபோய்விடும்.

அகநானூற்றின் முப்பத்தாறாம் பாட்டிலே மதுரை நக்கீரர் ஒரு வராலைக் காட்டுகிறார். வரி படர்ந்த பெரிய ஆண் வரால். தூண்டிலிலே மாட்டிய இரையை விழுங்கிவிட்டு, ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூச் சிதறப் பாய்ந்து, வள்ளைக் கொடியையெல்லாம் சிக்காக்கி, தூண்டில்காரன் இழுக்க இழுக்க வராமல், கயிற்றிலே கட்டிய கோபக்கார எருது போலக் குளத்தைக் கலக்குகிறது. விரால் பிடித்தவர்கள் எவரையும் கேட்டுப் பாருங்கள். மாட்டிக்கொண்ட விரால் செய்கிற முதல் வேலை கொடிக்குள்ளே புகுவதுதான். நக்கீரர் அந்தக் குளக்கரையிலே நின்றிருக்க வேண்டும். அல்லது நின்றவர் ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பெரும்பாணாற்றுப்படையிலே வருகிற வாளை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாணன் ஒருவன் தோற்பையிலே இறைச்சி இரை வைத்துக்கொண்டு, நீண்ட மூங்கிற் கோலிலே கட்டிய தூண்டிலைப் போடுகிறான். வாளை இரையைப் பறித்துக்கொண்டு தூண்டிலை வெறுமையாக விட்டுவிட்டுத் தப்பிவிடுகிறது. கதை அதோடு முடியவில்லை. தப்பிய வாளை, நீரோரத்திலே நிற்கிற பிரம்பின் நிழல் தண்ணீரிலே நடுங்குவதைக் கண்டு, அதுவும் தூண்டிற்கோல்தானோ என்று வெருளுகிறது. ஒருமுறை அகப்பட்டுத் தப்பிய மீன் அதன்பின் எளிதிலே கிட்ட வராது என்று இன்றைக்குத் தூண்டில்காரர்கள் சொல்வதை அந்தப் புலவர் ஒரு நிழலை வைத்துச் சொல்லிவிட்டார்.

இந்த மூன்றிலே தூண்டில் வருகிற இரண்டு பாட்டிலும் தூண்டிலில் இரை இருக்கிறது. திருக்குறளுக்கு வந்தால் இரை காணாமற் போய்விடுகிறது. அதுதான் என்னுடைய சிக்கல்.

சூது என்ற அதிகாரத்தின் முதற் குறள், 931ஆவது. சூதிலே வெல்வதாயிருந்தாலும் அதை விரும்பாதே; அந்த வெற்றி, தூண்டிலின் பொன்னை மீன் விழுங்கியதைப் போன்றது என்பது அதன் கருத்து. பொன் என்பது இங்கே இரும்பு. ஐம்பொன் என்று சொல்லும்போது எல்லா உலோகமும் பொன்தானே. பரிமேலழகர் இங்கே ஒன்று செய்கிறார்: அந்த இரும்பை இரையால் மறைந்த இரும்பு என்று விரிக்கிறார். இரையென்று எண்ணி மீன் விழுங்குகிறது என்கிறார். நியாயமான உரைதான். ஆனால் குறளிலே இரை என்ற சொல் இல்லை. உரைகாரர்தான் தூண்டிலில் இரையைக் கொளுவினார்.

ஒருநாள் வகுப்பிலே இதைப் படிப்பித்தபோது பின்வாங்கிலே இருந்த பையன் ஒருவன் எழும்பி, "சேர், இரை இல்லாமல் வெறும் இரும்பை மீன் விழுங்குமோ?" என்று கேட்டான். கடற்கரைப் பையன் அல்ல. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. பரிமேலழகர் சொன்னதையே திருப்பிச் சொல்லி அவனை இருத்தியிருக்கலாம். "கேட்டுச் சொல்லுகிறேன்" என்றேன். கேட்பதற்கு ஆள் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

சென்ற 2024ஆம் ஆண்டு சித்திரைப் பறுவத்துக்கு இரண்டு நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை. சுவிற்சர்லாந்திலிருந்து என் தமக்கையின் மகன் வருடப்பிறப்புக்கு வந்து இறுப்பிட்டியிலே நின்றான். இறுப்பிட்டி புங்குடுதீவின் ஒரு குறிச்சி. எங்கள் தாய்வழி வீடு அங்கேதான் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. திறப்பை அம்மா நெடுங்காலம் சேலைத் தலைப்பிலே முடிந்து வைத்திருந்தார். 1995இலே யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வெளியேறியபோதும் அந்தத் திறப்பு எங்களோடு வந்தது. கதவுதான் இல்லாமற் போயிற்று. இப்போது மருமகன் உழைத்த காசிலே கூரை போட்டுக் கதவும் வைத்தாயிற்று. பக்கத்து வீடுகள் பல இன்னும் ஆலமரமும் அரசமரமும் முளைத்தபடி கிடக்கின்றன. நல்ல தண்ணீர் பவுசரிலே வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போகிற பாதையே பாதி கடல்தான். பண்ணைப் பாலம் தாண்டினால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. பிறகு மறுபடியும் கடலை அறுத்துக்கொண்டு போகிற நீண்ட தெரு. வாணர் பாலம் என்று எங்கள் ஊரவர் சொல்வார்கள். அதற்காகப் பாடுபட்ட சகோதரர்களின் பெயர். இரண்டு பக்கமும் பரவைக்கடல். முழங்கால், இடுப்பு, மிஞ்சினால் ஓராள் ஆழம். தெருவின் கீழே இடைக்கிடை தண்ணீர் போய்வர மதகுகள் விட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலே வற்றும் பெருக்கும் பெரிதல்ல. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் சுமார் இரண்டடி ஏறி இறங்கும். ஆனால் அகன்ற கடல் முழுவதும் அந்த ஒடுங்கிய மதகுகளாலே போகவேண்டியிருப்பதால், அந்த இடத்திலே மட்டும் தண்ணீர் வாய்க்கால் போல ஓடும். ஓடி ஓடி மதகின் வாயிலே பள்ளம் பறித்திருக்கும். பரவைக்கடலிலே பெரிய மீனுக்கு நிற்க இடம் அந்தப் பள்ளந்தான்.

விடியப்புறம் ஆறு மணிக்கு நானும் மருமகனும் அந்த மதகடியிலே நின்றோம். அவன் சுவிற்சர்லாந்திலே பீல் என்னும் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான். அங்கே பீல் ஏரியிலிருந்து ஆரே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோகிற நிடாவ்–பூரென் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வெட்டியது. வேலை முடிந்த நேரங்களில் அவன் அந்தக் கால்வாயிலே ஹெக்ற் என்னும் மீனுக்குத் தூண்டில் போடுவானாம். நீண்ட மூக்கும் பச்சை உடம்பும் கொண்ட, பிற மீனைத் தின்னும் மீன். இரை போடுவதில்லை. பொய்யிரைதான். மரத்திலோ பிளாஸ்ரிக்கிலோ தகட்டிலோ செய்த மீன்குஞ்சு. "மாமா, மீன் ஓட்டத்தின் நடுவிலே நிற்காது. வேகத் தண்ணீரும் ஆறுதல் தண்ணீரும் முட்டுகிற கோட்டிலே, ஆறுதல் பக்கமாக, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான் இருக்கும்" என்றான். ஊரிலே கடலைக் காணாமலே வளர்ந்த பிள்ளை, கால்வாயிலே படித்ததை எங்கள் மதகுக்குப் பொருத்திப் பார்க்கிறான்.

முதலிலே கரண்டி போன்ற வெள்ளித் தகடு ஒன்றைக் கட்டினான். கரண்டி போன்றது என்ன, அதன் பெயரே ஆங்கிலத்திலே கரண்டிதான். அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திலே யூலியோ பியூல் என்பவர் ஏரியிலே வள்ளத்தில் இருந்து சாப்பிட்டபோது கைதவறிய கரண்டி மின்னி மின்னித் தாழ, பெரிய மீன் ஒன்று பாய்ந்து அதைக் கவ்வியதாம். அவர் வீட்டுக்குப் போய்க் கரண்டியின் காம்பை வெட்டித் தூண்டில் கொளுவினார் என்று கதை. கதை எப்படியோ, 1852இலே அவர் அதற்குக் காப்புரிமை எடுத்தது உண்மை. பின்லாந்திலே லவ்ரி ரப்பலா என்ற ஏழை மீனவர், காயப்பட்டுச் சரிந்து நீந்துகிற குஞ்சையே பெரிய மீன் தேடி அடிக்கிறது என்று கவனித்து, 1936இலே தக்கையைச் செதுக்கி, சொக்கலேற் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, படச்சுருளை உருக்கிப் பூசி ஒரு குஞ்சு செய்தார். அவருடைய பெயர்தான் இன்று உலகமெங்கும் பொய்யிரைப் பெட்டிகளிலே இருக்கிறது.

தகட்டுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சாதாழைதான் வந்தது. இழுக்க இழுக்கச் சாதாழை. பிறகு மருமகன் ரப்பலாவின் பரம்பரையிலே வந்த ஒரு பிளாஸ்ரிக் குஞ்சைக் கட்டினான். நாடியிலே சிறு தகடு. இழுத்தால் தண்ணீருக்குள்ளே தாழ்ந்து இடமும் வலமும் ஆடும். வயிற்றுக்குள்ளே இரும்புக் குண்டுகள் கிலுகிலுக்கும். மீனுக்கு விலாவிலே ஓடுகிற கோடு ஒரு காது மாதிரி, தண்ணீரின் அதிர்வை அது அறியும், ஆகையால் கலங்கல் தண்ணீரிலும் இந்தக் கிலுகிலுப்பை மீன் தேடி வரும் என்றான். மூன்றாம் எறிவிலே சடக்கென்று ஒரு சீலா. ஒன்றரை அடி இருக்கும். சீலா கண்ணால் வேட்டையாடுகிற மீன். மினுங்குவதைக் கண்டால் வெட்டும். குஞ்சின் வர்ணத்திலே பல்லுப் பதிந்த கீறல்களை அவன் பெருமையோடு காட்டினான். சீலாவின் பல்லுக்குத் தங்கூசி நில்லாது என்று நுனியிலே கம்பி கட்டியிருந்தான்.

அந்த நேரத்திலேதான் பெரியவர் வள்ளத்திலே கோல் ஊன்றி வந்தார். எழுபது தாண்டியவர். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் தருபவர். நான் 'அப்பு' என்றுதான் கூப்பிடுவது. 2022இலே மண்ணெண்ணெய் கிடையாமற் போனபோது மிசினைக் கழற்றி வைத்தவர், பிறகு கரையோரத் தொழிலுக்குக் கோலே போதும் என்று இருந்துவிட்டார்.

"என்ன வாத்தியார், தகரத்தைக் கட்டி எறிஞ்சுகொண்டு நிக்கிறியள்?"

"தம்பி சுவிசிலையிருந்து கொண்டுவந்தது, அப்பு."

அவர் சீலாவைப் பார்த்தார். பொய்யிரையை வாங்கி உள்ளங்கையிலே வைத்து உருட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "கண் நல்லாய் வைச்சிருக்கிறாங்கள்" என்றார். பிறகு தன் இளமைக்காலத்தைச் சொன்னார். பாய் விரித்து ஓடுகிற வள்ளத்தின் பின்னாலே நீளக் கயிறு விட்டு, தூண்டிலிலே வெள்ளைக் கோழியின் இறகோ சாக்கு நாரோ கட்டி இழுப்பார்களாம். சீலாவும் கட்டாவும் அடிக்குமாம்.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். "அப்பு, இறகும் இல்லை, நாரும் இல்லை, இரையும் இல்லை. வெறும் தூண்டிலை மீன் விழுங்குமோ?"

"ஏன் விழுங்காது? கறள் பிடிச்ச தூண்டிலை விழுங்காது. மணலிலை தேச்சு மினுக்கிப்போட்டு விட்டுப் பாருங்கோ. ஓடவேணும். ஓடி மினுங்கவேணும். கட்டா அதை அடிக்கும். நாங்கள் பகிடிக்கு அப்பிடிப் பிடிச்சிருக்கிறம்."

நேயர்களே, இந்த மறுமொழியைக் கேட்டதும் எனக்கு எங்கள் குசினியிலுள்ள மாசிப் போத்தல் ஞாபகம் வந்தது. மாலைதீவிலே நூற்றாண்டுகளாகச் சூரைமீன் பிடிக்கிற முறை என்ன? சிறு மீன்களை உயிரோடு கடலிலே எறிந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சூரைக் கூட்டத்தை வெறிகொள்ளச் செய்வார்கள். பிறகு கோலிலே கட்டிய தூண்டிலை அதற்குள்ளே போடுவார்கள். அந்தத் தூண்டிலிலே இரை இல்லை, எதிர்முள்ளும் இல்லை. மினுக்கிய வெறும் உலோகம். வெறியிலே நிற்கிற சூரை அதை ஒரு சிறு மீன் என்று கவ்வும். ஒரே தூக்கிலே வள்ளத்துக்குள் விழும். நாங்கள் இடித்துச் சம்பல் போடுகிற மாசி, பொன்னை விழுங்கிய மீனின் தசை. பசிபிக் தீவுகளிலே முத்துச்சிப்பியின் ஓட்டைத் தீட்டி அதே வேலைக்கு வைத்திருந்தார்கள். ஆகவே வெறும் இரும்பை மீன் விழுங்கும். வள்ளுவர் காலத்துக் கடற்கரையிலும் இது தெரிந்திருக்கக்கூடும் என்று நினைப்பதற்கு இடமுண்டு. அதற்கு மேலே நான் வற்புறுத்தமாட்டேன்.

அப்பு எங்களை வள்ளத்திலே ஏறச் சொன்னார். மதகிலிருந்து சற்றுத் தள்ளி, ஓட்டம் பறித்த பள்ளம் முடிகிற இடத்திலே பழைய களங்கண்ணித் தடிகள் சில நின்றன. "உதடியிலை கொடுவா நிக்கும். பறுவ வெள்ளம் இறங்கேக்கை வரும்" என்றார். வெள்ளம் இறங்கத் தொடங்கியிருந்தது. தடிகளின் நிழல் தண்ணீரிலே நடுங்கியது. எனக்கு உருத்திரங்கண்ணனாரின் பிரம்பு ஞாபகம் வந்தது. மற்ற இருவருக்கும் வேறு ஞாபகங்கள்.

கொடுவா என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சங்கப் புலவர்கள் தூண்டிலுக்குக் கொடுக்கிற அடைமொழி 'கொடுவாய்'. வளைந்த வாயுடைய இரும்பு. அதே சொல்தான் இந்த மீனின் பெயராகவும் நிற்கிறது என்பது என் ஊகம். பிடிக்கிற வாய்க்கும் பிடிபடுகிற வாய்க்கும் ஒரே பெயர். கொடுவா சீலாவைப் போல வெட்டுகிற மீன் அல்ல. கிட்ட வந்து நின்று, வாயைச் சடுதியாக அகலத் திறக்கும். சுற்றியுள்ள தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். அப்போது ஒரு சத்தம் கேட்கும். மூடிய பானையைக் கையால் தட்டினாற் போல.

மருமகன் எறிந்து, நாலு சுற்று இழுத்து, நிறுத்தினான். ஏன் நிறுத்துகிறாய் என்று கேட்டேன். "ஓடுகிற குஞ்சைக் கலைக்கிற மீனும் யோசிக்கும், மாமா. குஞ்சு களைத்து நின்றதும் யோசிக்காது" என்றான். பத்துப் பன்னிரண்டு எறிவு அப்படி. பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த கால்மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை, நக்கீரர் விவரித்துவிட்டார். குவளைப் பூவுக்குப் பதிலாகச் சாதாழை, வள்ளைக் கொடிக்குப் பதிலாகக் களங்கண்ணித் தடி. இரண்டுமுறை முழு உடம்பும் வெளியே தெரியப் பாய்ந்து தலையை உதறியது. அப்பு ஒரு வார்த்தையும் பேசாமல், மீன் தடிக்குப் போகாதபடி வள்ளத்தைக் கோலாலே திருப்பித் திருப்பிக் கொடுத்தார். அவருடைய கோல் இல்லையென்றால் சுவிற்சர்லாந்துத் தூண்டிலுக்கு அந்த மீன் கிடைத்திராது. கடைசியிலே வள்ளத்தின் பக்கத்திலே சரிந்து கிடந்தது. மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. முதுகு பச்சைச் சாம்பல், வயிறு வெள்ளி. வெயில் பட்டபோது கண் பொன்னாகத் தெரிந்தது.

மருமகன் மீனைத் தூக்கவில்லை. தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, "மாமா, இது பெட்டை. விடவேணும்" என்றான். கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில வருடம் ஆணாக இருந்து, வளர்ந்து பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன் அது. ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாக எல்லாம் தாய்மீன். பெரியவற்றை மட்டும் பிடித்து முடித்தால் கடலிலே ஆண்கள்தான் மிஞ்சும். இதை அவன் சொன்னபோது நான் அப்புவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "சின்னனிலை சினை நான் கண்டதில்லை. பெரிசிலைதான் கண்டிருக்கிறன். ஏன் எண்டு தெரியாமல் இருந்தது" என்றார். பிறகு, "ஆனால் தம்பி, விடுறதெண்டால் ஏன் பிடிச்சனீங்கள்? விளையாட்டுக்கோ?" என்று கேட்டார்.

மருமகன் மறுமொழி சொல்லத் தயங்கினான். அவன் வாழ்கிற நாட்டிலே இது சட்டத்திலேயே ஏறியிருக்கிற கேள்வி. விடுகிற எண்ணத்தோடு மீன் பிடிக்கக்கூடாது என்று சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. விளையாட்டுக்காக ஓர் உயிரை வருத்தக்கூடாது என்பது அதன் நியாயம். இங்கிலாந்திலே இதற்கு எதிர். ஆற்றிலும் கால்வாயிலும் பிடித்த மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் விடுவதுதான் அங்கே பெரும்பாலோருடைய ஒழுக்கம். அப்புவின் கேள்வி சுவிஸ் சட்டத்தின் கேள்வி. மருமகனின் கவலை நாளைக்கு இந்த மதகிலே கொடுவா நிற்குமா என்ற கவலை. இரண்டிலும் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வாத்தியாரைப் பார்த்தார்கள். அந்த மீன் அன்றைய விலையிலே அப்புவின் வீட்டுக்கு ஒரு கிழமைச் செலவு. வள்ளத்துக்குப் பங்கு உண்டு என்பது எங்கள் கடலின் வழக்கம். நான் அதைத்தான் சொன்னேன்: "வள்ளம் அப்புவினுடையது. அவர் சொல்லட்டும்."

அப்பு குனிந்து செவுளை விரித்துப் பார்த்தார். முப்பிரிவுத் தூண்டிலின் ஒரு முள் செவுளின் சிவப்பிலே ஏறியிருந்தது. இரத்தம் தண்ணீரிலே புகை மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அவர் மருமகனிடம் காட்டினார். அவனும் பார்த்தான். "இது பிழைக்காது" என்று அவனே சொன்னான். விட்டால் செத்து மிதக்கும், நண்டு தின்னும். அப்பு மீனை உள்ளே எடுத்து, கோலின் அடியாலே தலையிலே ஒரே அடி. "துடிக்கவிடக் கூடாது" என்றார். எதிலும் அவசரப்படாத அந்த மனிதர் அதில் மட்டும் அவசரப்பட்டார். செவுள் மூடி கத்தி போலக் கூரானது. தூண்டிலைக் கழற்றும்போது மருமகனின் விரலை வெட்டியது.

பிறகு அவன் பொய்யிரையிலிருந்த முப்பிரிவுத் தூண்டில்கள் இரண்டையும் கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் ஒன்றைப் போட்டான். அதன் எதிர்முள்ளைக் குறட்டாலே நசுக்கினான். மாலைதீவுக்காரரின் தூண்டில் மாதிரி ஆயிற்று. அதற்கு ஒரு சிறிய கொடுவா அகப்பட்டது, ஒன்றரை அடி. உதட்டிலே மட்டும் கொளுவியிருந்தது. தண்ணீரை விட்டு எடுக்காமலே கழற்றி விட்டான். வாலை ஒருமுறை அடித்துவிட்டுத் தடிகளுக்குள்ளே போயிற்று. "அரைக் கறி போகுது" என்று அப்பு முணுமுணுத்தார். ஆனால் தடுக்கவில்லை.

பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. கரைக்கு வருகிற வழியிலே அப்பு கணக்குச் சொன்னார். முன்பு இந்த மதகடியிலே ஓர் இரவுக்கு நாலைந்து பெரிய கொடுவா சாதாரணமாம். தங்கூசி வலை சட்டத்தாலே தடுக்கப்பட்டது, ஆனாலும் கட்டுகிறார்கள். இழுவைமடிக்கு 2017இலே சட்டம் தடை போட்டது. ஆனாலும் இரவிலே அக்கரைப் படகுகளின் வெளிச்சம் தெரிகிறது. மதகுகள் சில தூர்ந்து ஓட்டம் குறைந்துவிட்டது. "ஓட்டம் இல்லாட்டி திரளி வராது. திரளி வராட்டி கொடுவா ஏன் வரும்?" என்றார். இதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்தத் தெருவாலேதான் மோட்டார் சைக்கிளிலே வந்தவன்.

வீட்டுக் கிணற்றடியிலே மீனைக் கிழித்தபோது வயிற்றிலே அரைகுறையாகக் கரைந்த இரண்டு திரளியும் ஒரு றாலும் இருந்தன. சினை இருந்தது, முற்றவில்லை. பாதி அப்புவுக்கு, நடுத்துண்டு தமக்கைக்கு, தலை எனக்கு. மருமகன் சோற்றோடு குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிட்டான். நான் அவனை வற்புறுத்தவில்லை.

அன்று மத்தியானம் திண்ணையிலே படுத்திருந்தபோது குறள் வேறு விதமாகத் தெரிந்தது. பரிமேலழகரின் உரைப்படி தூண்டிலில் இரை இருக்கிறது. அதாவது சூதாடி வென்ற பொருள் இரை. பின்னாலே வருகிற கேடு முள். அந்த வாசிப்பிலே மீனுக்கு ஒரு வாய் இரையாவது மிச்சம். பெரும்பாணாற்றுப்படையின் வாளையைப் போல இரையைப் பறித்துக்கொண்டு தப்பிவிடவும் வழி இருக்கிறது. சூதாடுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை அந்த வாளையென்றுதான் நினைக்கிறான்: வென்ற காசோடு இன்றைக்கு எழும்பிவிடுவேன் என்று. குறளிலே உள்ளபடி வெறும் பொன் என்று எடுத்தால், அந்த வழி அடைபடுகிறது. அங்கே இரை என்று ஒன்றும் இல்லை. மினுக்கமே முள், வெற்றியே முள். பறித்துக்கொண்டு ஓட அங்கே எதுவும் இல்லை. கைத்தொலைபேசியிலே பந்தயம் கட்டுகிற பிள்ளைகளை இப்போது நாங்கள் ஊரெல்லாம் காண்கிறோம். அவர்களைக் கெடுத்தது தோற்ற நாள் அல்ல, முதன்முதலாக வென்ற நாள் என்று அவர்களுடைய தாய்மாரே சொல்கிறார்கள். இரையைக் கொளுவி உரை சொன்ன பரிமேலழகரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரும்பைப் பொன் என்று சொன்ன புலவர் சொல்லை எண்ணித்தான் போட்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. இரும்பு என்றால் கறுப்பு. பொன் என்றால் மினுக்கம்.

பையனுக்கு மறுமொழி சொல்லியாயிற்று. மாசிச் சம்பல் கதையைத்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று அறிந்தேன்.

மருமகன் திரும்பிப் போகும்போது பொய்யிரைகளிலே மூன்றை அப்புவிடம் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாவற்றிலும் ஒற்றைத் தூண்டில் மாட்டி, எதிர்முள் நசுக்கியிருந்தது. அப்பு அவற்றை என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சென்ற கிழமை தொலைபேசி எடுத்தார். நான் சுகம் விசாரிக்க முதலே, "வாத்தியார், அந்த நீல முதுகன் தடியிலை கொளுவி அறுந்துபோச்சு. தம்பியோடை கதைச்சால் அதிலை இன்னும் ரண்டு அனுப்பச் சொல்லுங்கோ. சிவப்பன் வேண்டாம், சிவப்பனை இஞ்சத்தை மீன் மதிக்குதில்லை" என்றார்.